வேலை பார்த்துக்கொண்டே வரி, கணக்கு இதழ்களை வேகமாகப் படித்து முடிப்பது எப்படி? பழைய இதழ்கள் வேறு குவிந்து கிடக்கின்றன

முடிக்க வேண்டாம். அட்டை முதல் அட்டை வரை படிக்க நினைத்தால் குவியல் ஒருநாளும் குறையாது.

நீங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிக்கிள்ஷிப்பிலோ (சி.ஏ. படிப்பவர்கள் செய்யும் பயிற்சி), ஏதாவது கம்பெனியின் அக்கவுண்ட்ஸிலோ புதிதாகச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் சி.ஏ. இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவன். ‘சி.ஏ. முடிக்காதவன் சட்டம் பேச வந்துட்டான்’ என்று கமெண்ட் போட நினைப்பவர்கள், முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இதழ் வந்ததும் பொருளடக்கத்தைப் பார்ப்பேன். முக்கால்வாசி நமக்கு வேண்டாததாகத்தான் இருக்கும். வங்கித் தணிக்கை, வெளிநாட்டுக் கம்பெனி விலை நிர்ணயம் எல்லாம் எனக்கு எதற்கு? மிச்சமிருப்பதில் முதலில் சட்ட வாசகத்தைப் படிப்பேன், கட்டுரையாளரின் கருத்து அப்புறம்தான். படிக்கும்போது தேடுவது மூன்றே விஷயம். எப்போதிலிருந்து அமல்? யாருக்குப் பொருந்தும்? அதற்கு என் ஃபைலில் என்ன காகிதம் இருக்க வேண்டும்? இவை கிடைத்துவிட்டால் பக்கத்தை மூடிவிடலாம்.

2023 பிப்ரவரி பட்ஜெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே புதிய வரி முறையில் 7 லட்சம் வரை வரி இல்லை என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. இதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தியில், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் (எச்) என்று புதிதாக ஒன்று சேர்கிறது என்று போட்டிருந்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டம் சொல்லும் கெடுவைத் தாண்டி நிலுவையில் வைத்தால், அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. பணம் கொடுத்த ஆண்டில்தான் கழியும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். ஜி.எஸ்.டி., பி.எஃப்.பில் கம்பெனியின் பங்கு மாதிரி வருமான வரி ரிட்டர்ன் போடும் கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும் என்ற சலுகையும் இதற்குக் கிடையாது.

அமல் 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல். அதாவது 2023 ஏப்ரலில் தொடங்கும் கணக்குக்கே பொருந்தும். யாருக்கு என்று பார்த்தால், எங்கள் கிரெடிட்டர் லிஸ்ட்டையே (நாங்கள் பணம் தர வேண்டியவர்களின் பட்டியல்) பார்த்து எழுதியது மாதிரி இருந்தது. நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், பிரிண்டிங் என்று அத்தனையும் சின்ன யூனிட்டுகள். சாயப்பட்டறை பில்லை மூன்று மாதம் இழுப்பது எங்கள் பக்கம் சர்வசாதாரணம்.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். “அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க. நீங்க எதுக்குங்க மண்டைய ஒடைச்சுக்கிறீங்க?” என்றார். ஆடிட்டர் எங்கள் லெட்ஜரைத் திறப்பதே ஆகஸ்டுக்கு அப்புறம்தான். மார்ச் 31 தாண்டிவிட்டால் அவரால்தான் என்ன செய்ய முடியும்?

சரி, நம் வேலையை நாம் பார்ப்போம் என்று டேலி கணக்கு மென்பொருளிலிருந்து கிரெடிட்டர் லிஸ்ட்டை எடுத்தேன். ஒவ்வொருவருக்கும் கடிதம் போட்டு உத்யம் சான்றிதழ் (எம்.எஸ்.எம்.இ. என்று அரசிடம் பதிவு செய்ததற்கான சான்று) நகல் கேட்டு வாங்கினேன். அதில் பார்க்க வேண்டியது இரண்டே இடம். ஒன்று குறு, சிறு, நடுத்தரம் என்ற வகை. நடுத்தரம் என்றால் இந்தப் பிரிவு தொடாது. இன்னொன்று தொழில் உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்பது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு உத்யம் பதிவு கொடுத்ததே வங்கியில் முன்னுரிமைக் கடன் வாங்கத்தான் என்று 2021 ஜூலை 2 அரசுக் குறிப்பாணையில் இருக்கிறது. ஆகவே நூல் வியாபாரி இதற்குள் வரமாட்டார். டேலியில் பெயருக்குப் பக்கத்திலேயே இதைக் குறித்து வைத்தேன்.

2024 ஜனவரியில்தான் வாட்ஸ்அப் விழித்துக்கொண்டது. ‘எல்லா பில்லுக்கும் 45 நாள், இல்லாவிட்டால் வரி’ என்று ஒரே கலவரம். நூல் வியாபாரி பில்லுக்கெல்லாம் ஓடிஓடி செட்டில் செய்தவர்களைப் பார்த்தேன். உத்யம் பதிவையே ரத்து செய்துவிட்டு வா என்று ஜாப் ஒர்க்காரர்களை (நிட்டிங், சாயம் மாதிரி வேலையைக் கூலிக்குச் செய்து தருபவர்கள்) மிரட்டியவர்களும் உண்டு. எங்கள் கம்பெனியில் லிஸ்ட்டைப் பிரிண்ட் எடுத்து, மாட்டுகிற பில்களை மட்டும் மார்ச்சுக்குள் கொடுத்து முடித்தோம். ஓனர் அந்த லிஸ்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இத முன்னாடியே சொல்லிருக்கலாமேங்க?” என்றார். “சொன்னேனுங்க” என்றேன், வேறென்ன சொல்ல.

தற்பெருமை என்று தோன்றினால் தோன்றட்டும். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. ஏதோ வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும், பில் செட்டில் செய்யப் போதாது.

தீர்ப்புகளுக்கு வேறு கணக்கு. 1933 முதல் சென்னையிலிருந்து வரும் ஐ.டி.ஆர். (இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்பு இதழ்) தொகுதிகளை ஆடிட்டர் ஆபீஸில் பார்த்திருப்பீர்கள். தீர்ப்புக்கு மேலே இருக்கும் ஹெட்நோட்டை, அதாவது சுருக்கத்தை, எழுதுவது நீதிபதி இல்லை, இதழ்க்காரர்கள். நமக்கு வேண்டியதா என்று சலித்தெடுக்க அது உதவும், அதை நம்பி வரி ஆபீஸுக்குப் பதில் கடிதம் எழுதக் கூடாது. எந்த மதிப்பீட்டு ஆண்டு வழக்கு, மேல் கோர்ட்டில் மாறியதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதும் வீண். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் எண்ணெல்லாம் மாறிவிடுகிறது.

படிக்க நேரமில்லை, செமினார் போனால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆறு மணிக்கு என்பார்கள். குத்துவிளக்கு, வரவேற்புரை, மேடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பொன்னாடை, அப்புறம் பொன்னாடை போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை. பேச வந்தவர் மைக்கைப் பிடிக்கும்போது ஏழே கால். ஸ்லைடு பாதியில் இருக்கும்போதே பின்னால் சாப்பாட்டு ஹாட்பாக்ஸைத் திறந்துவிடுவார்கள். சந்தேகம் கேட்க எழுந்தால் ‘சார், டின்னர்ல தனியா பேசிக்கலாம்’ என்பார்கள். டின்னரில் அவரைச் சுற்றி செல்ஃபி கூட்டம். அந்தப் பொன்னாடைச் செலவுக்கு ஒரு நல்ல இதழுக்கு ஆண்டுச் சந்தாவே கட்டலாம்.

ஒருமுறை படித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் இருக்க முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல் எம்.எஸ்.எம்.இ. வரம்புகளை உயர்த்திவிட்டார்கள். சிறு நிறுவனத்துக்கு விற்றுமுதல் வரம்பு 50 கோடியிலிருந்து 100 கோடி ஆனது. நடுத்தரம் என்று ஒதுக்கி வைத்த சில மில்கள் ‘சிறு’வுக்குள் வந்துவிட்டன. லிஸ்ட்டை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

குவிந்து கிடக்கும் பழைய இதழ்களுக்கு வருவோம். பொருளடக்கப் பக்கத்தை மட்டும் போனில் படம் எடுத்து ஆண்டு வாரியாக வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் இதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள், ஸ்க்ரூட்டினி நோட்டீஸ் (ரிட்டர்னை விவரமாகச் சோதிக்க வரித் துறை அனுப்புவது) வரும்போது அந்த ஆண்டு சட்டம் எப்படி இருந்தது என்று தேடுவீர்கள். மற்றதெல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போகட்டும்.