ஃபெஸ் நகரில் ஒரு காலைப்பொழுதை அக்கரைக்கு ஒதுக்குங்கள்

கேள்வி: அம்மாவுடன் மொராக்கோ செல்கிறேன். ஃபெஸ் நகரில் மூன்று நாள் தங்குகிறோம். நீல வாசல், தோல் பதனிடும் தொட்டிகள், பூ இனானியா மதரஸா என எல்லோரும் சொல்லும் இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். கூட்டம் போகாத, ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டா? அம்மாவுக்கு 64 வயது, முழங்கால் வலி உண்டு. வழிகாட்டி இல்லாமல் சுற்றலாமா?

பதில்: உண்டு, அவை தொலைவிலும் இல்லை. ஃபெஸ்ஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பாப் பூ ஜலூத் என்னும் நீல வாசலில் நுழைகிறார்கள். தாலா கெபீரா தெருவில் இறங்கி, அல்-கராவியீன் பள்ளிவாசலைச் சுற்றி, தோல் தொட்டிகளை ஏதாவது ஒரு கடை மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் ஆறு வந்துவிடும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாதி ஊர் இருக்கிறது! மூன்று நாளில் ஒரு காலைப்பொழுதை அந்தக் கரைக்கு ஒதுக்குங்கள்.

ஃபெஸ் முதலில் ஒரே ஊராக இருக்கவில்லை. 818-இல் ஆண்டலூசியா என்னும் தென் ஸ்பெயினின் கோர்டோபாவில் மூண்ட கலகத்துக்குப் பின் துரத்தப்பட்டவர்கள் நான் சொல்லும் அந்தக் கரையில் குடியேறினார்கள். துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் எதிர்க்கரையில் குடியேறினார்கள். இரண்டும் தனித்தனி மதில் கொண்ட ஊர்கள். 11-ஆம் நூற்றாண்டில் அல்மொராவிதுகள் என்னும் அரச மரபினர்தான் அவற்றை ஒன்றாக்கினார்கள். 859-இல் அல்-கராவியீனை எழுப்பியவர் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்பது மரபு. அந்தப் பெயர் இன்று உலகெங்கும் தெரியும். அவருடைய சகோதரி மர்யம் அதே காலத்தில் எதிர்க்கரையில் எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆண்டலூசியப் பள்ளிவாசலைத் தேடிப் போகிறவர்கள் குறைவு. எனக்கு அது எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

உங்கள் அம்மாவின் முழங்காலை நினைத்து ஒரு வழி சொல்கிறேன். நடந்து இறங்கி, பாலம் கடந்து, மேடேற வேண்டாம். சிவப்பு நிறச் சிறிய டாக்சி ஒன்றைப் பிடித்து, மீட்டர் போடச் சொல்லி, நேராக பாப் ஃப்தூஹ் என்னும் தென்கிழக்கு வாசலுக்குப் போய்விடுங்கள். அந்தக் கரையின் மேட்டுப் பகுதி அது. அங்கிருந்து ஆற்றை நோக்கிச் சரிவிலேயே வந்துவிடலாம். முடிவில் ரிசீஃப் சதுக்கம் வரும். வண்டிகள் வரக்கூடிய இடம் என்பதால் திரும்பவும் டாக்சி கிடைக்கும்.

வழியில் முதலில் ஆண்டலூசியப் பள்ளிவாசலின் பெரிய வாயில். 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்து ஆண்ட அல்மொஹாது மரபின் மன்னர் அந்நாசிர் புதுப்பித்துக் கட்டியது. தெரு குறுகலாக இருப்பதால் கழுத்தை நன்றாக நிமிர்த்தினால்தான் மேலே இருக்கும் செதுக்கு மரக்கூரை தெரியும். முஸ்லிம்கள் உள்ளே சென்று தொழலாம், மற்றவர்களுக்கு வாசலோடு சரி.

அருகிலேயே இருக்கிறது சஹ்ரிஜ் மதரஸா. 1321-க்கும் 1323-க்கும் இடையில் கட்டப்பட்டது. சஹ்ரிஜ் என்றால் நீர்த்தொட்டி. முற்றத்தின் நடுவே நீள்சதுரத் தொட்டி, அதைச் சுற்றிச் செதுக்கிய தேவதாரு மரம், சுண்ணச் சாந்து வேலைப்பாடு, கீழே பளிங்குபோல் மின்னும் ஓட்டுச் சில்லுகள். பூ இனானியாவின் பிரம்மாண்டம் இதற்குக் கிடையாது. ஆனால் அங்கே மனிதத் தலைகளுக்கு நடுவே பார்க்கும் அதே கைவேலையை இங்கே நிதானமாகப் பார்க்கலாம். மரம் கறுத்து, விளிம்புகள் தேய்ந்து, காற்று நின்ற நேரத்தில் தொட்டி நீரில் மொத்தச் சுவரும் தலைகீழாக இறங்கி நிற்கும். அம்மாவை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். கதவு சாத்தியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள், எப்போது திறப்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

ரிசீஃபுக்கு இறங்கியதும் சக்தி மிச்சமிருந்தால் ஆற்றைக் கடந்து சஃபாரீன் சதுக்கம் வரை போகலாம், தூரம் அதிகமில்லை. செப்புக் கொல்லர்களின் இடம் அது. கல்யாண வீட்டு அண்டா அளவுக்குப் பாத்திரங்கள் அடுக்கியிருக்கும். தகட்டைத் திருப்பித் திருப்பி ஒரே தாளத்தில் அடிக்கிறார்கள். ஒருவர் நிறுத்தும் இடத்தில் அடுத்தவர் தொடங்குவதுபோல் காதுக்குக் கேட்கும். பக்கத்திலேயே ஆற்றோரமாகச் சாயக்காரர் தெரு. சாயத்தில் முக்கிய நூல்கண்டுகளிலிருந்து சொட்டும் நீர் தரையில் நிறம் நிறமாக ஓடும்.

எல்லோரும் போகும் பக்கத்திலும் கண்ணில் படாமல் போகிறவை உண்டு. பூ இனானியாவின் எதிர்ச்சுவரை அண்ணாந்து பாருங்கள். வரிசையாக 12 ஜன்னல்கள், அவற்றின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கட்டைகள். இது தார் அல்-மகானா, 1357-இல் முடிந்த நீர்க்கடிகாரம். மணிக்கொரு கதவு திறந்து, உலோகக் குண்டு ஒன்று பித்தளைக் கிண்ணத்தில் விழுந்து ஒலிக்கும்படி அன்று அமைத்திருந்தார்கள். இதன் அடியில் நடந்து போகிறவர்களில் பாதிப் பேர் தலையைத் தூக்குவதில்லை.

இன்னொன்று, அத்தாரீன் கடைத்தெருவுக்குப் பக்கத்திலுள்ள மருதாணிச் சந்தை. மருதாணி, சுர்மா, நீல வெள்ளைப் பீங்கான் விற்கிறார்கள். இந்தச் சந்தையை ஒட்டித்தான் 1286-இல் சிதி ஃப்ரெஜ் மருத்துவமனை எழுந்தது. மனநோயாளிகளைப் பராமரித்த அந்த இடம் 1944 வரை இயங்கியது. ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஹசன் அல்-வஸ்ஸான், ஐரோப்பியர் லியோ ஆப்பிரிக்கானஸ் என்றழைத்தவர், இளமையில் இங்கே இரண்டு ஆண்டுகள் கணக்கெழுத்து வேலை பார்த்தார்.

மூன்றாம் நாளை மெல்லாஹ் என்னும் யூதர் குடியிருப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1438-இல் ஏற்பட்டது. மொராக்கோவின் மற்ற ஊர் மெல்லாஹ்களுக்கு முந்தையது. அரபு வீடுகள் முற்றத்தை நோக்கி உள்முகமாக இருக்கும், இங்கே மரப் பால்கனிகள் தெருவை நோக்கி நீண்டிருக்கும். 17-ஆம் நூற்றாண்டின் இப்ன் தனான் தொழுகைக்கூடத்தையும், வெள்ளைக் கல்லறைகள் அடுக்கடுக்காக இறங்கும் இடுகாட்டையும் பாருங்கள். திரும்பும்போது ஜ்னான் ஸ்பீல் பூங்காவின் மர நிழலில் அம்மா இளைப்பாறலாம்.

வழிகாட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதல் அரை நாளுக்கு மட்டும் உரிமம் பெற்ற ஒருவரை, தங்குமிடத்தின் மூலமே, வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே சுற்றலாம். வழி தவறினால் சரிவைக் கவனியுங்கள். தெரு இறங்கினால் ஆற்றுப் பக்கம் போகிறீர்கள், தாலா தெருக்களில் ஏறிக்கொண்டே போனால் நீல வாசல். "இந்தத் தெரு மூடியிருக்கிறது, என் பின்னால் வாருங்கள்" என்று சொல்கிறவரை நம்ப வேண்டாம். என் முதல் பயணத்தில் நான் நம்பிப் போய்க் கம்பளக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். சந்தேகம் வந்தால் கடைக்குள் இருக்கும் வியாபாரியிடம் கேளுங்கள்.

"பாலாக்!" என்ற குரல் பின்னால் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் அம்மாவைச் சுவரோரம் இழுத்துக்கொள்ளுங்கள். சுமையோடு கோவேறு கழுதை வருகிறது என்று பொருள். அது நிற்காது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குமேல் பல கடைகள் அடைத்திருக்கும். பட்டறைகளை மற்ற நாளில் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பூங்காவை வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு ரப்பர் அடி வைத்த, பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ எடுத்துச் செல்லுங்கள். தெருக்கல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். ரிசீஃபில் மீன் கடைகளைத் தாண்டும் இடத்தில் எப்போதும் ஈரம். அந்தச் சில அடிகளில் மட்டும் அவர் கையை விடாதீர்கள்.