ராமேஸ்வரம் ஊருக்குள் கனரக லாரி கொண்டுபோக நேஷனல் பர்மிட் போதாதா?

போதாது. அது மாநிலம் தாண்டிச் சரக்கு ஏற்றத்தான். ஊர்ச் சாலைகளில் லாரிக்குத் தடை போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி. அதனால் தடை ஆணையை முதலில் வாங்கிப் படியுங்கள். அதைப் பிறப்பித்த அதிகாரியிடமே விலக்கு கேட்டு மனு கொடுங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் நகல்களோடு, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு, மொத்த எடை எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள். அனுமதி கிடைத்தால் எழுத்திலேயே வாங்கி வண்டியில் வையுங்கள். வாய்ச்சொல் செக்கிங்கில் நிற்காது.

அப்புறம், விலக்கு கிடைத்தாலும் கூடுதல் பாரம் ஏற்றக்கூடாது. அபராதம் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பாம்பன் பாலம் வழியாகத்தானே எல்லா லாரியும் தீவுக்குள் போகிறது, அதைக் கெடுத்துவிடாதீர்கள். சரக்கு கொஞ்சம்தான் என்றால், பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஊரிலேயே சின்ன வண்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.