கையுறையும் கையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பதினொரு வயது மகன் பேஸ்பால் ஆடுகிறான். இந்த ஆண்டு அவனை ஷார்ட்ஸ்டாப்பாக நிறுத்தியிருக்கிறார்கள். நல்ல கையுறை ஒன்று வாங்கக் கடைக்குப் போனால், 40 டாலரிலிருந்து 400 டாலர் வரை சுவர் நிறையத் தொங்குகின்றன. கிரிக்கெட் மட்டுமே அறிந்த நான் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைத் தவிர மற்றவர்கள் வெறுங்கையால் பிடிக்கிறார்கள். பேஸ்பாலிலோ களத்தில் நிற்கும் ஒன்பது பேரும் கையுறை அணிகிறார்கள். அவரவர் நிற்கும் இடத்துக்கேற்ப அது மாறுகிறது. இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட வேண்டிய தளங்களுக்கு) இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தைப் பிடித்த நொடியிலேயே எடுத்து எறிய வேண்டியவர் என்பதால், அவருடைய கையுறை சிறியதாகவும், அதில் பந்து அமரும் பள்ளம் ஆழமற்றதாகவும் இருக்க வேண்டும். ஆழமான பள்ளத்தில் பந்தைத் துழாவிக்கொண்டிருந்தால் ஓடுபவர் முதல் பேஸைத் தொட்டுவிடுவார். ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து பள்ளத்தின் வழியாக மணிக்கட்டுப் பக்கத்து அடிப்பகுதி வரை அளக்கும் நீளமே கையுறையின் அளவு. உங்கள் மகனுக்கு 11 முதல் 11.5 அங்குலம் போதும். களத்தின் வெளிப்பகுதியில் தொலைவாக நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் அணியும் 12.5 அங்குலக் கையுறையை, ‘வளரும் பிள்ளைதானே’ என்று தீபாவளிச் சட்டை எடுப்பதைப் போல வாங்கிவிடாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வலை, இடைவெளி உள்ளதாக இருக்கட்டும். பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதை மட்டையாளரிடமிருந்து மறைக்க விரும்பும் பிட்சருக்கே (பந்து எறிபவருக்கே) மூடிய வலை தேவை.

அந்த வலைக்கும் பள்ளத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடக்க காலக் கையுறை, உள்ளங்கைக்குப் பஞ்சணை வைத்த வெறும் தோலுறைதான். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் பில் டோக், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தோல் வார்களால் பின்னி இணைக்கலாம் என்று சொன்ன யோசனையை 1920 வாக்கில் ராலிங்ஸ் நிறுவனம் செய்துகாட்டியது. அதன் பிறகு பந்தை வாங்குவது உள்ளங்கையன்று, பள்ளமே. ஆகவே கடையில் கையுறையை மாட்டிப் பார்க்கும்போது, உள்ளே மெத்தென்று இருக்கிறதா என்பதைவிட, அது எந்த இடத்தில் மடிகிறது, பந்து எங்கே போய் அமர்கிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

விலையைக் கூட்டுவது பெரும்பாலும் தோல்தான். மலிவானவற்றில் செயற்கைத் தோலோ பன்றித் தோலோ இருக்கும். விரைவில் வளையும், விரைவில் தொய்ந்தும் போகும். 300 டாலரை ஒட்டிய ராலிங்ஸ் ஹார்ட் ஆஃப் தி ஹைட், 1957 முதல் வந்துகொண்டிருக்கும் வில்சன் ஏ2000 போன்றவை கனமான காளைத் தோலால் ஆனவை. பல ஆண்டுகள் வடிவம் குலையாதவை. இன்னும் விலை கூடியவற்றில் இளம் மாட்டின் தோல் வரும். அது எடை குறைந்தது, நயமானது. இவையெல்லாம் சிறந்தவை என்பதில் ஐயமில்லை; ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையின் விரல்களால் அந்தக் காளைத் தோலை மடக்க முடியாது. மடங்காத கையுறையிலிருந்து பந்து தெறித்து விழும், பிள்ளையோ தன் கையைக் குறை சொல்லிக்கொள்வான். விரல் அறைகள் குறுகலாக உள்ள சிறுவர் வகையில், 100 டாலரை ஒட்டிய, மிருதுவான அசல் மாட்டுத் தோல் கையுறையையே நான் வாங்குவேன். மகனையும் அழைத்துச் செல்லுங்கள். அவன் ஒரே கையால் அதை மூடிக் காட்டட்டும்.

கேள்வி: என் மகள் இடக்கைப் பழக்கம் உள்ளவள், பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம் ஆடுகிறாள். அண்ணனின் பழைய பேஸ்பால் கையுறை அவளுக்கு ஆகுமா?

பதில்: ஆகாது. எறியும் கை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதால் அவளுக்கு வலக்கையில் மாட்டும் கையுறை தேவை. அண்ணன் வலக்கையால் எறிபவரானால் அவருடையது இடக்கைக்கு உரியது. தவிர, பேஸ்பால் பந்தின் சுற்றளவு ஏறத்தாழ 9 அங்குலம், சாஃப்ட்பாலுக்கு 12 அங்குலம். ஆகவே ஆழமான பள்ளமுள்ள தனிக் கையுறைதான் வாங்க வேண்டும்.

கேள்வி: புதிய தோல் கையுறை பலகை போல இருக்கிறது. எண்ணெயில் ஊறவைத்து ஓவனில் சூடாக்கினால் இளகும் என்கிறார்களே?

பதில்: அருள்கூர்ந்து அதைச் செய்யாதீர்கள். சூடு தோலிலுள்ள இயற்கைக் கொழுப்பை உலர்த்திவிடும். பின்னல் வார்கள் மொறுமொறுத்து அறுந்துவிடும். எண்ணெய் மிகுந்தால் கையுறை கனத்து, ஊறிய செருப்பைப் போலத் துவண்டுவிடும். தோலுக்கென்று விற்கும் களிம்பை மெல்லிய துணியில் தொட்டுப் பூசி, பந்து அமரும் இடத்தை மரச் சுத்தியலால் தட்டி, நாள்தோறும் கால் மணி நேரம் எறிந்து பிடித்தால் சில வாரங்களில் கைக்குப் படிந்துவிடும். இரவில் பள்ளத்துக்குள் ஒரு பந்தை வைத்துக் கட்டி வையுங்கள். மழையில் நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். வெயில் காலத்தில் காரின் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். வார் மட்டும் அறுந்தால் புதிய வார் கோத்துக்கொள்ளலாம். அதற்காக நல்ல கையுறையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.