மலையூர்ப் புத்தகம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சோலைக்காட்டுத் தாவரங்கள் பற்றி 128 பக்கத்தில் புத்தகம் போடப்போகிறோம். படங்கள் நிறைய. முழுவதையும் ஆர்ட் பேப்பரிலேயே அடித்துவிடலாமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: அடிக்கலாம். ஆனால் உங்கள் ஊர் ஈரத்துக்குத் தாங்காது. ஆர்ட் பேப்பரின் வழவழப்பு அதன்மேல் பூசிய களிமண் பூச்சால் வருவது. சுவரோரம் அடுக்கி ஓதம் ஏறிக் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் படத்தோடு உரிந்து வரும்.

எழுத்துக்கு 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) மேப்லித்தோ, அதாவது பூச்சில்லாத சாதாரண அச்சுத்தாள் போதும். படங்களை மட்டும் 16 பக்க ஒரே ஃபாரமாக்கி (ஒரே தாளில் அடித்து மடித்த கட்டு) 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட்டில் அடித்து நடுவில் வையுங்கள். டெமி என்னும் வழக்கமான புத்தக அளவில் எழுத்து 128 பக்கம் சரியாக 8 ஃபாரம், படத்தோடு 9. எழுத்து 131 பக்கம் ஆகிவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காகத் தனியே கால் ஃபாரம் ஓட்டவேண்டி வரும், காசுக்குக் கேடு.

பைண்டிங்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஃபாரத்தின் மடிப்பை வெட்டி, ராவி, சூடான பசை தடவுவார்கள். மேப்லித்தோவின் நார் பசையைப் பிடித்துக்கொள்ளும். ஆர்ட் பேப்பரில் பூச்சு குறுக்கே நிற்கும். போதாததற்கு மார்கழிக் குளிரில் சாதாரணப் பசை விறைத்து, விரித்த கையோடு முதுகு விரிசல் விடும். முதலில் கழன்று விழுவது படப்பக்கங்களே. நூல் தையல்தான் வேண்டுமென்று கேளுங்கள். செலவு கூடும், நாலு படத்தைக் குறைத்தாவது தையலை விடாதீர்கள். மாதிரிப் பிரதி வந்ததும் புரட்டிப் பாருங்கள்: ஒவ்வொரு ஃபாரத்தின் நடுவிலுமாக 9 இடத்தில் நூல் தெரிய வேண்டும்.

வடகிழக்கு மழையும் உங்களுக்கு உண்டு. பிப்ரவரி, மார்ச்சில் அடித்து மேலே ஏற்றினால் ஏப்ரல், மே சீசனில் விற்கலாம். கட்டுகளைப் பலகைமேல், சுவருக்கு ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். முதல் அச்சு 300 பிரதிக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: செடிகளுக்குத் தமிழ்ப் பெயர் மட்டும் போதாதா? – வாசகி, உதகை

பதில்: போதாது, அறிவியல் பெயரும் வேண்டும். குறிஞ்சியிலேயே பல இனங்கள். பூக்கும் இடைவெளியும் இனத்துக்கு இனம் மாறும். 12 ஆண்டுக்கொருமுறை பூப்பது நீலக்குறிஞ்சி, அதாவது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா. படுகர், தோடர், இருளர் வழங்கும் பெயர்களையும், எந்த ஊரில் கேட்டது என்பதையும் சேருங்கள். தமிழில் ஒரே 'க' பல ஒலிக்கு நிற்பதால் மெய்ப்பை (அச்சுக்கு முன் திருத்தும் படியை), பெயர் சொன்னவரிடமே வாசித்துக் காட்டித் திருத்துங்கள். அரிய ஆர்க்கிட் நிற்கும் இடத்தை மட்டும் துல்லியமாக அச்சிடவேண்டாம். பறிக்க வருகிறவரும் புத்தகம் வாங்குவார்!

கேள்வி: 1930களில் வெளியான அஞ்சலட்டைப் படங்களைச் சேர்க்கலாமா? – வாசகர், கொடைக்கானல்

பதில்: தாராளமாக. 2012 சட்டத் திருத்தம் வரை புகைப்படத்துக்கு உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான்; 1930களின் படங்களுக்கு அது அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இரு மடங்கு பெரிதாக்குவதென்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அச்சில் 300 நிற்கும். அட்டை புகைப்படத்தாளாக இல்லாமல் அச்சில் வந்ததென்றால் அதன் அச்சுப் புள்ளிகளும் உங்கள் அச்சின் புதுப் புள்ளிகளும் மோதிக் கட்டம் கட்டமாகத் தெரியும். ஸ்கேனரில் டீஸ்கிரீன் என்ற, புள்ளிகளை மழுக்கும் வசதியைப் போட்டால் அடங்கும்.

கேள்வி: புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு எவ்வளவு கட்டணம்? – வாசகி, குன்னூர்

பதில்: ஒன்றுமில்லை. ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழி இலவசமாகத் தருகிறது. அட்டை அச்சுக்குப் போகுமுன் எண் கையில் இருக்கட்டும். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி, டில்லி பொது நூலகம் ஆகிய மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்புவது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். தபால் செலவு உங்களுடையது.