மூணு கால் ரெகுலேட்டரும் நாலு சாஃப்ட்வேரும்

கேள்வி: அண்ணா, பாலிடெக்னிக்ல ஈசிஈ கடைசி வருஷம் படிக்கிறேன். ப்ராஜெக்ட்டுக்கு பிசிபி (பார்ட்ஸ இணைக்கற காப்பர் கோடு போட்ட போர்டு) நாங்களே டிசைன் பண்ணணும்னு சார் சொல்லிட்டாரு. இதுவரைக்கும் டாட் போர்டுலதான் சால்டர் வச்சிருக்கேன். போர்டு வரையற சாஃப்ட்வேர்னு கேட்டா ஈகிள், கீகேட், ஈசிஈடிஏ, ஆல்ட்டியம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. மூணு மாசத்துல நாலையும் இன்ஸ்டால் பண்ணி அழிச்சாச்சு, ஒரு போர்டு கூட முடியல. ஃப்ரெண்டு ஆல்ட்டியம் கிராக் வச்சிருக்கான், பேசாம அதையே போட்டுக்கவா? (பெயர் வேண்டாம், கோவில்பட்டி)

பதில்: தம்பி, கிராக் வேணாம். அதுல வைரஸ் இருக்கும் அது இதுன்னு பயமுறுத்த வரல, இலவசமா நேர் வழியில கிடைக்கிற ஒண்ணு உங்க ப்ராஜெக்ட்டுக்கு தாராளமா போதும்ங்கறப்ப திருட்டு காப்பி எதுக்கு? கீகேட் போடுங்க. பிரான்ஸ்ல வாத்தியாரா இருந்த ழான் பியர் ஷராஸ் 1992-ல ஆரம்பிச்சது, 2013-ல இருந்து ஜெனீவா பக்கத்துல இருக்கற சேர்ன் ஆராய்ச்சிக் கூடமும் கை குடுத்துச்சு. இத்தனை லேயர்தான் (காப்பர் அடுக்கு), இவ்வளவு சைஸ்தான்னு லைசென்ஸ் பேர்ல கட்டுப்பாடு கிடையாது. ஈகிள ஒரு காலத்துல நானும் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தேன், ஆனா இலவச பதிப்புல ரெண்டு லேயர், 80 சதுர சென்டிமீட்டர் அவ்வளவுதான் குடுப்பான், 2016-ல ஆட்டோடெஸ்க் அத வாங்கி இப்ப 2026 ஜூன் 7-ஓட நிறுத்தறதா அறிவிச்சிட்டாங்க, அதனால புதுசா கத்துக்க அது வேணாம். ஈசிஈடிஏ பிரவுசர்லயே ஓடும், நெட் நல்லா இருந்தா அதுவும் குறையில்ல.

ஒண்ணே ஒண்ணு, காலேஜ் லேப்ல கீகேட் எந்த வெர்ஷன் இருக்குன்னு கேட்டுட்டு போடுங்க. வீட்டுல 9-ல சேவ் பண்ண ஃபைல லேப்ல இருக்கற 7 திறக்காது, ரிவ்யூ அன்னிக்கு காலையில இது தெரிஞ்சா வயித்தக் கலக்கும்.

சரி, இப்ப நிஜமான விஷயத்துக்கு வரேன். சாஃப்ட்வேர் எதுவா இருந்தாலும் மாட்டற இடம் ஒண்ணுதான், சிம்பலுக்கும் (சர்க்யூட் படத்துல பார்ட்டோட குறி) ஃபுட்பிரிண்ட்டுக்கும் (போர்டுல பார்ட் உக்கார்ற இடத்தோட அச்சு) நடுவுல இருக்கற அந்த பின் நம்பர். என் கதையவே சொல்றேன். 3.3 வோல்ட் வேணும்னு ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் (வோல்டேஜ நிலையா வச்சிருக்கற ஐசி) போட்டேன், ஸ்கெமாட்டிக்ல, அதாவது சர்க்யூட் படத்துல, சிம்பல் மட்டும் சோம்பேறித்தனமா 7805 சிம்பலையே வச்சிட்டேன், ரெண்டும் மூணு கால் ரெகுலேட்டர்தானேன்னு ஒரு நெனப்பு. 7805-க்கு 1 இன்புட், 2 கிரவுண்ட், 3 அவுட்புட். 1117-க்கு 1 கிரவுண்ட், 2 அவுட்புட், 3 இன்புட். அது மட்டுமா, 7805 முதுகுல இருக்கற தகடு கிரவுண்ட், 1117-ல அந்தத் தகடு அவுட்புட்! நான் என்னடான்னா சூடு இறங்கட்டும்னு தகட்ட பெரிய கிரவுண்ட் காப்பர்லயே ஒட்டி வச்சிருந்தேன். எர்ரர் செக் ஓட்டினேன், சைபர் எர்ரர், ஒரே சந்தோஷம். சாஃப்ட்வேருக்கு என்ன தெரியும், நாம சொன்ன நம்பரும் நம்பரும் பொருந்துதான்னுதான் அது பாக்கும். போர்டு வந்து சப்ளை குடுத்த உடனே ஐசி தொட முடியாத சூடு. ஒண்ணு ரெண்டு இல்ல, அஞ்சு போர்டும் அதே கதி.

அதனால முதல் போர்டு ப்ராஜெக்ட் போர்டா இருக்க வேணாம். 7805 வச்சு ஒரு 5 வோல்ட் சப்ளை, ரெண்டு கெப்பாசிட்டர், ஒரு எல்இடி, ஒரு ரெசிஸ்டர், ரெண்டு ஸ்க்ரூ கனெக்டர், அவ்வளவுதான். இத ஸ்கெமாட்டிக்ல இருந்து ஜெர்பர் ஃபைல் (போர்டு செய்யறவங்களுக்கு அனுப்பற ஃபைல்) வரைக்கும் முழுசா முடிங்க. சின்னதுன்னு நெனைக்காதீங்க, 12 வோல்ட் குடுத்து அரை ஆம்பியர் இழுத்தா அந்த 7805 மேல மட்டும் 3.5 வாட் சூடா போகும், ஹீட் சிங்க்குக்கு இடம் விடணும், டிராக் (காப்பர் கோடு) அகலம் யோசிக்கணும், எல்லா பாடமும் அதுக்குள்ளயே இருக்கு. வீட்டுலயே ஃபெர்ரிக் குளோரைடுல அரிக்கப் போறீங்கன்னா டிராக்க 1 மில்லிமீட்டருக்கு கம்மியா வைக்காதீங்க, முதல் தடவ மெல்லிசா வச்சா பாதி கரைஞ்சிடும்.

ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி லேயவுட்ட 100 சதவீத சைஸ்ல பேப்பர்ல பிரிண்ட் எடுங்க, ஃபிட் டு பேஜ் ஆஃப்ல இருக்கணும். அந்தப் பேப்பர தெர்மாக்கோல் மேல வச்சு பார்ட்ஸ ஒண்ணொண்ணா குத்திப் பாருங்க. ஸ்க்ரூ கனெக்டர் பின் இடைவெளி 5.08 மில்லிமீட்டர்னு நெனச்சு வரைஞ்சிருப்பீங்க, கடையில குடுத்தது 5 மில்லிமீட்டரா இருக்கும், ரெண்டு பின்னுக்கு எப்படியோ நுழைஞ்சிடும், எட்டு பின் வரிசைன்னா கடைசிக் கால் ஓட்டையத் தாண்டி நிக்கும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கறவங்க முதல்ல பார்ட்ஸ வாங்கிட்டு அப்புறம் போர்டு வரையறது நல்லது.

கேள்வி: கீகேட்ல ஈஆர்சி (ஸ்கெமாட்டிக் எர்ரர் செக்) ஓட்டினா பவர் பின்னுக்கு எங்கிருந்தும் சப்ளை வரலன்னு எர்ரர் காட்டுது. ஆனா ஒயர் சரியா இணைச்சிருக்கேன். ரெண்டு நாளா தலைய பிச்சிக்கிறேன். (வாசகி, திருச்சி)

பதில்: தலைய விடுங்க, உங்க ஒயர்ல தப்பில்ல மேடம். நீங்க சப்ளைய ஒரு கனெக்டர் வழியா உள்ள கொண்டு வர்றீங்க. கனெக்டர் பின்ன கீகேட் வெறும் பின்னாத்தான் பாக்கும், அதுல கரண்ட் வருதுன்னு அதுக்குத் தெரியாது. பவர் ஃப்ளாக்னு ஒரு சிம்பல் இருக்கு, அத சப்ளை லைன்ல ஒண்ணு, கிரவுண்ட்ல ஒண்ணு வைங்க, எர்ரர் போயிடும். ஆனா எல்லா எர்ரருக்கும் இதே மருந்துன்னு நெனச்சு கண்ட இடத்துல வச்சிடாதீங்க, நிஜமாவே சப்ளை போகாத ஐசி இருந்தா அதையும் சேர்த்து மூடி மறைச்சிடும்.

கேள்வி: கீகேட் மட்டும் தெரிஞ்சா வேலை கிடைக்குமா சார்? (வாசகர், ஓசூர்)

பதில்: பெங்களூரு பக்கம் லேயவுட் வேலைக்கு ஆல்ட்டியம், இல்லன்னா கேடன்ஸோட அலெக்ரோதான் அதிகம் கேக்கறாங்க, மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு சாஃப்ட்வேர்ல நாலு போர்டு முடிச்சவனுக்கு அடுத்தது பட்டன் எங்க இருக்குன்னு தேடற வேலைதான், என் அனுபவத்துல ரெண்டு மூணு வாரம். ஆல்ட்டியம் மாணவர்களுக்கு லைசென்ஸ் குடுக்கறான், படிக்கிறவரா இருந்தா காலேஜ் மெயில் ஐடியில கேட்டுப் பாருங்க. இன்டர்வியூவுக்கு போறப்ப நீங்க பண்ண போர்டு ஒண்ண கையோட எடுத்துட்டு போங்க, தப்ப சரி பண்ண பின்னாடி ஜம்பர் ஒயர் ஒட்டினதா இருந்தாலும் பரவால்ல, அந்த ஒயர் ஏன் வந்துச்சுன்னுதான் முதல்ல கேப்பாங்க.