முகக்கவசம் எவ்வளவு காக்கும்? மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கி, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கங்களில் பஸ் ஷட்டர்களும் லயத்து ஜன்னல்களும் மூடப்படும் மாதங்களில், தடிமனையும் காய்ச்சலையும் பற்றிய கடிதங்கள் அதிகம் வருகின்றன. அவற்றில் முகக்கவசம் பற்றியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் ஆசிரியை நான். பஸ்ஸில் முகக்கவசம் அணிபவள் அநேகமாக நான் ஒருத்திதான். மற்றவர்கள் அணியாதபோது எனக்குப் பயன் உண்டா? டென்மார்க் ஆய்வொன்றில் பயனில்லை என்று தெரியவந்ததாக என்னோடு படிப்பிக்கும் ஆசிரியர் சொல்கிறார்.

பயன் உண்டு, அது எவ்வளவு என்பது முகக்கவசம் எந்த வகையானது, முகத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது, பயணத்தில் எவ்வளவு நேரம் அணிந்திருக்கிறீர்கள் என்பவற்றைப் பொறுத்தது. அந்த டென்மார்க் ஆய்வு 2020 ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ 6,000 பேரிடம் நடந்தது. சேர்ஜிக்கல் முகக்கவசம் அணியுமாறு சொல்லப்பட்டவர்களில் 1.8 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதத்தினருக்கும் கொரோனா தொற்றியது. இவ்வளவு சிறிய வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதே அதன் முடிவு. பயனே இல்லை என்று அது சொல்லவில்லை. சொன்னபடி முழுமையாக அணிந்ததாகக் கூறியவர்களும் பாதிக்குக் குறைவு.

பின்னர் வந்த பெரிய ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பங்களாதேஷில் 2020 நவம்பர் முதல் சுமார் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், முகக்கவசம் கொடுத்து ஊக்குவித்த கிராமங்களில் 42 சதவீதத்தினரும் மற்றக் கிராமங்களில் 13 சதவீதத்தினரும் அதைச் சரியாக அணிந்தார்கள். சேர்ஜிக்கல் வகை கொடுக்கப்பட்ட கிராமங்களில், அறிகுறியோடு வந்து இரத்தப் பரிசோதனையிலும் உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைக் கடந்தவர்களிடம் அது 35 சதவீதம் குறைந்தது. துணி முகக்கவசத்துக்கு அப்படித் தெளிவான பயன் தெரியவில்லை. நோர்வேயில் 2023இல் 4,647 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு வாரம் பொது இடங்களில் சேர்ஜிக்கல் முகக்கவசம் அணிந்த பிரிவில் 8.9 சதவீதத்தினரும் அணியாத பிரிவில் 12.2 சதவீதத்தினரும் தங்களுக்குச் சளி, இருமல் போன்ற அறிகுறிகள் வந்ததாகச் சொன்னார்கள்.

இவை பெரிய எண்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இத்தகைய ஆய்வுகள் அளப்பது "அணியுங்கள்" என்று சொல்வதன் பலனையே. கொடுத்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தவரும் அணிந்தவர் கணக்கிலேயே சேர்க்கப்படுவார். பயணம் முழுவதும் கழற்றாமல் அணியும் உங்களுக்கு அந்தச் சராசரியை அப்படியே பொருத்த முடியாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தி நுண்ணிய துகள்களையும் வடிகட்டும் என்-95, கே.என்-95, எவ்.எவ்.பி.2 ஆகிய வகைகளில் ஒன்று கிடைத்தால் உங்கள் பயணத்துக்கு அதையே வாங்குங்கள். அணிந்த பின் இரு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டு பலமாக மூச்சை விட்டுப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்றுப் பட்டாலோ, மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, மூக்குக் கம்பியை இன்னும் அழுத்த வேண்டும். பக்கத்து ஷட்டரை ஒரு சாண் திறக்க மற்றவர்கள் விட்டால், உள்ளே தேங்கிய காற்றும் வெளியேறும்.

வைரஸ் மிகச் சிறியது, முகக்கவசத்தின் துளைகளோ அதைவிடப் பெரியவை என்கிறார்கள். பிறகு அது எப்படித் தடுக்கும்? (க.பொ.த. உயர்தர மாணவர், பண்டாரவளை)

சல்லடையில் மாச் சலிப்பதைப் போல இதை நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. கொரோனா வைரஸின் விட்டம் ஏறத்தாழ 0.1 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது சரி. ஆனால் அது தனியாக மிதந்து வருவதில்லை. பேசும்போதும் இருமும்போதும் வெளியேறும் ஈரத் துகள்களுக்குள் இருந்தே வருகிறது. சேர்ஜிக்கல், என்-95 ஆகியவற்றின் நடு அடுக்கில் மெல்லிய பொலிபுரொப்பிலீன் இழைகள் ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும். பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து போக முடியாமல் இழைகளில் மோதி ஒட்டுகின்றன. மிகச் சிறியவை நேராகச் செல்லாமல் அங்குமிங்கும் அலைவதால் எப்படியும் ஓர் இழையில் பட்டுவிடுகின்றன. தப்புவதற்கு அதிக வாய்ப்புள்ளவை இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களே. அதனால்தான் என்-95 அந்த அளவை வைத்தே சோதிக்கப்படுகிறது, அங்கும் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடித்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கிறது. இழைகளுக்கு ஏற்றப்பட்டுள்ள நிலைமின்னேற்றமும் துகள்களை இழுத்துப் பிடிக்கிறது.

ஆகவே கவலைப்பட வேண்டியது துணியில் உள்ள துளையைப் பற்றியல்ல, கன்னத்தின் ஓரத்தில் உள்ள இடைவெளியைப் பற்றித்தான்.

தாடி வைத்திருப்பவர் என்-95 அணியலாமா?

அணியலாம், ஆனால் ஓரம் தோலில் ஒட்டாததால் அதன் சிறப்பில் பெரும்பகுதி போய்விடும். தாடியை எடுக்க விருப்பமில்லாதவர் அதற்காக அதிகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை.

முகக்கவசத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, மழை நாட்களில் அடுப்புக்கு மேலே கொடியில் காயவைக்கிறோம். சில நேரம் சனிட்டைசரும் அடிப்பதுண்டு. இது சரியா? (மஸ்கெலியா)

துணியாக இருந்தால் கழுவுங்கள். சேர்ஜிக்கலையும் என்-95ஐயும் கழுவ வேண்டாம். மேலே சொன்ன நிலைமின்னேற்றத்தைச் சவர்க்காரமும் மதுசாரமும் அழித்துவிடும். பார்வைக்கு முகக்கவசம் முன்போலவே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் குறைந்திருக்கும். சனிட்டைசர் அடிப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் அதைச் செய்கிறார்கள், கெடுவதோ அவர்களுடைய முகக்கவசமே.

அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் நல்லதல்ல, ஏனென்றால் விறகுப் புகையின் கரி இழைகளில் படிந்து மூச்சு விடுவதைச் சிரமமாக்கும். என்-95 வகையில் நான்கைந்தை வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அணிந்து, கழற்றியதைக் காகித உறையில் போட்டு, அதன் முறை திரும்பி வரும்வரை காய விடுங்கள். பொலித்தீன் பையில் போட்டால் உங்கள் ஊர் ஈரத்தில் அது காயவே காயாது. வார் தளர்ந்தாலோ, மூக்குக் கம்பி உடைந்தாலோ, நனைந்து தொய்ந்தாலோ எறிந்துவிடுங்கள்.

நுவரெலியாவில் சாதாரணமாகவே மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. முகக்கவசம் ஒட்சிசனைக் குறைக்குமா?

குறைக்காது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஒட்சிசன் மூலக்கூறு இழைகளுக்கிடையே தடையின்றிப் போய்வரும் அளவுக்குச் சிறியது. நீங்கள் உணர்வது காற்றை இழுக்கத் தேவைப்படும் கூடுதல் முயற்சியை. முகக்கவசம் ஈரமானால் அது இன்னும் அதிகமாகும். அதைவிட, திறந்த மலையில் கொழுந்து எடுக்கும்போதோ நடக்கும்போதோ முகக்கவசம் பெரும்பாலும் தேவையே இல்லை. வெளியே அணிந்துவிட்டு, தேநீருக்காக எல்லோரும் ஓர் அறைக்குள் கூடும்போது கழற்றுவது தலைகீழான பழக்கம்.

தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் வால்வு வைத்த முகக்கவசம் தருகிறார்கள். காய்ச்சல் காலத்தில் அது போதுமா?

அது என்-95 தரமானதாகவும் முகத்தில் பொருந்தியும் இருந்தால் உங்களைக் காக்கும். உள்ளே இழுக்கும் காற்று முழுவதும் வடிகட்டியின் வழியாகவே வருகிறது. வெளிவிடும் காற்றில் ஒரு பகுதி வால்வின் வழியே வடிகட்டப்படாமல் போகிறது. ஆயினும் அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 2020இல் சோதித்தபோது, அந்த வகையிலும் வெளியேறிய துகள்கள் சேர்ஜிக்கல் முகக்கவசத்தை ஒத்த அளவிலோ குறைவாகவோதான் இருந்தன. தூள் படிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கள் லயத்து வீட்டில் ஒரே காம்பரா. மாமிக்குக் காய்ச்சலும் இருமலும். நான்கு வயதுப் பிள்ளையும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். யார் முகக்கவசம் அணிய வேண்டும்?

முதலில் மாமி. வைரஸ் புறப்படும் இடத்திலேயே தடுப்பது, அது அறை முழுவதும் பரவிய பின் ஐந்து பேர் தடுப்பதைவிட எளிது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் வெளியிட்ட செயற்கை இருமல் பரிசோதனையில், சேர்ஜிக்கல் தனியாக 56 சதவீதத் துகள்களையும், துணி தனியாக 51 சதவீதத்தையும் தடுத்தன. சேர்ஜிக்கலின் மேல் துணியை அணிந்தபோது 85 சதவீதம் தடுக்கப்பட்டது. துணி ஓரங்களை முகத்தோடு அழுத்தியதே அதற்குக் காரணம். ஆனால் மாமிக்கு மூச்சுத் திணறல் இருந்தால் எதையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவரைத் தாமதிக்காமல் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ வைத்தியசாலைக்கோ கொண்டுபோங்கள்.

அடுத்து, அவருக்குச் சாப்பாடும் மருந்தும் கொடுக்கும் ஒருவர், முடிந்தால் என்-95 அணிந்து. அந்த வேலையை ஒருவரே செய்யட்டும். ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதுமுள்ள பிள்ளைகளுக்கு முகக்கவசம் கட்டாயமில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் கருத்து. கைக்குழந்தைக்கு ஒருபோதும் போடக் கூடாது. தானாகக் கழற்ற முடியாமல் மூச்சு முட்டும்.

பிள்ளைகளை மாமியிடமிருந்து எட்டப் படுக்க வையுங்கள். குளிர் என்றாலும் இஸ்தோப்புக் கதவையும் பின்பக்கக் கதவையும் பகலில் சில தடவை ஒன்றாகத் திறந்து காற்றோட விடுங்கள். மாமியைப் போர்த்திவிட்டால் போதும். இன்புளுவன்சாவாக இருந்தால் காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாட்களிலேயே அது அதிகம் தொற்றும். கையில் உள்ள முகக்கவசங்கள் கொஞ்சமென்றால் அந்த நாட்களுக்கு அவற்றைச் செலவழியுங்கள்.