அக்கா வாசித்தால் புரிகிறது, தானே வாசித்தால் தடுமாற்றம்

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு வாசிப்பு வரவில்லை என்று எழுதிய உங்கள் கடிதம் கிடைத்தது. பையனுக்குப் புத்தி மந்தமோ என்று நேராகக் கேட்க உங்களுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் கண், காது, செல்போன், இங்கிலீஷ் மீடியம், இடது கைப் பழக்கம் என்று இரண்டு பக்கத்துக்கு மற்றதையெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்துக்கே பதில் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன், சமூக அறிவியல் பாடத்தை அக்கா வாசித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொல்கிறான். அதே பக்கத்தைத் தானே வாசிக்கச் சொன்னால் நாலு வரிக்குள் வியர்த்துப்போகிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அறிவு வளர்ச்சி குறைவாக இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வாசித்தாலும் புரியாது, கேட்டாலும் புரியாது. இவனுக்குக் கேட்டால் புரிகிறது. ஆகவே அந்தப் பயத்தை ஓரமாக வையுங்கள்.

அக்கா வாசித்தால் புரிகிறது என்ற வரியைப் போகிற போக்கில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே வல்லாரை லேகியத்துக்குப் போய்விட்டீர்கள். என்னைக் கேட்டால் கடிதம் முழுவதிலும் உடனே கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். காதால் வாங்குவதற்கும் கண்ணால் வாசித்து வாங்குவதற்கும் பன்னிரண்டு வயதில் இத்தனை இடைவெளி இருந்தால், எழுத்தை ஒலியாக மாற்றும் வேலையில் எங்கோ தடை இருக்கிறது என்று அர்த்தம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவைக்கக் கூடாத அறிகுறி இது. ஐந்தாம் வகுப்பு வரை பாடம் சின்னது, மனப்பாடம் செய்து சமாளிக்கலாம். ஆறிலிருந்து எல்லாப் பாடமும் வாசித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். கணக்கில்கூட வாக்கியக் கணக்கு வந்துவிடுகிறது. வாசிப்பு நின்ற இடத்தில் மற்ற பாடங்களும் ஒவ்வொன்றாக நிற்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள்.

தடைக்குக் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். வாசிப்பு பழக வேண்டிய வயதில் யாரும் முறையாகப் பழக்கவில்லை. அல்லது டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலாவதற்கு உங்கள் மகன் விஷயத்தில் நிறையவே வாய்ப்பு இருக்கிறது. அவன் ஒன்றாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில், 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடின. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. உயிர்மெய் வரிசை கண்ணுக்கும் நாக்குக்கும் பழக வேண்டிய இரண்டாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே போய்விட்டது. 2022 ஜூனில், அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் பழக்கும் அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியபோது, இவன் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டான். அவன் செட்டில் இப்படி இடையில் சிக்கிய பிள்ளைகள் ஏராளம்.

இரண்டாவதையும் ஒதுக்கிவிட முடியாது. ‘நானும் இப்படித்தான் இருந்தேன், எட்டாவதோடு நின்றுவிட்டேன், இப்போது லாரி ஓட்டவில்லையா’ என்று அவன் அப்பா சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆறுதலுக்குச் சொல்கிறார், எனக்கு அது துப்பு. டிஸ்லெக்சியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. பள்ளி மூடிக் கிடந்த அதே காலத்தில் அக்காவும் வீட்டில்தான் இருந்தாள், அவள் தேறிவிட்டாள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவள் அப்போதே ஓரளவு வாசிக்கத் தெரிந்தவளாகவும் இருந்திருக்கலாம். அதனால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட மாட்டேன்.

டாக்டரிடம் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். தமிழில் செய்யுங்கள், இங்கிலீஷில் வேண்டாம். இரண்டாம் வகுப்பு அளவில் அவன் இதுவரை பார்க்காத ஒரு சின்னக் கதையை எடுங்கள். பழைய பாடப்புத்தகம் வேண்டாம், மனப்பாடம் வந்து ஏமாற்றும். அவனை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வேறு பிரதியில் பென்சிலால் குறியுங்கள். அது சரளமாக வந்தால் நான்காம் வகுப்பு அளவுக்குப் போங்கள். எங்கே முறிகிறதோ அதுதான் அவனுடைய இன்றைய வாசிப்பு நிலை. ஏழாம் வகுப்பு என்பது வருகைப் பதிவேட்டில் இருப்பது. அப்புறம் அதே அளவுள்ள இன்னொரு பகுதியை நீங்கள் வாசித்து, கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

எத்தனை பிழை என்பதைவிட எப்படிப்பட்ட பிழை என்று பாருங்கள். ‘பறவைகள்’ என்பதைப் ‘பழங்கள்’ என்று வாசித்தான் என்கிறீர்களே, அது முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மிச்சத்தை ஊகிப்பது. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் இரண்டு பக்கமும் நிற்கும் எழுத்துகளில் தடுக்குகிறதா என்று கவனியுங்கள். ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று வாசிக்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். கடைசியாக, ‘மிடாகு’, ‘தொபைனி’, ‘கெரூசம்’ என்று அர்த்தமே இல்லாத சில சொற்களை எழுதிக் கொடுங்கள். அங்கே ஊகம் செல்லாது. எழுத்தைக் கூட்டத் தெரிந்தால்தான் வரும். அதில் திணறினால் அடிப்படை எழுத்து–ஒலிப் பழக்கத்திலேயே ஓட்டை இருக்கிறது. தமிழ் நன்றாக வந்து இங்கிலீஷ் மட்டும் இடித்தால், பெரும்பாலும் அவனுக்கு அந்த மொழி இன்னும் பழகவில்லை என்றுதான் அர்த்தம். நிமிடத்துக்கு இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணையைத் தமிழுக்குப் போட்டுப் பார்த்து அழாதீர்கள். அது இங்கிலீஷுக்கானது. நம்முடைய ஒரு சொல்லில் அவர்களுடைய நாலு சொல் அடங்கிவிடும்.

மற்ற கவலைகளுக்கு இவ்வளவு போதும். கண்ணையும் காதையும் ஒரே ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள், சரியாக இருந்தால் மறந்துவிடுங்கள். கலர் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், டிஸ்லெக்சியா கண்ணில் இல்லை. இடது கைப் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் வைத்து அவன் கையை மாற்ற முயல வேண்டாம். செல்போனைக் குறைப்பது நல்லது, ஆனால் செல்போன் பார்த்து டிஸ்லெக்சியா வராது. மூளை அலையைப் பார்க்கும் இ.இ.ஜி., ஸ்கேன் எதுவும் இப்போது தேவையில்லை. பத்து கேள்விக்குப் பதில் சொன்னால் மூளைக் கோளாறு தெரிந்துவிடும் என்ற வீடியோவைப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்கிறீர்கள். அதில் பத்துக்கு ஏழு எனக்கும் பொருந்தும்.

ஆனால் ஒன்று. இதற்கு முன் சரளமாக வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை வாசிப்பை இழக்கிறான், கையெழுத்து திடீரென்று கெடுகிறது, பேசிக்கொண்டிருக்கும்போதே சில நொடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிறான் என்றால் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகனுக்கு முதலிலிருந்தே வரவில்லை என்று எழுதியிருப்பதால் அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இப்போது அந்த சிரப். உங்கள் அண்ணன் மெடிக்கல் ஷாப்பில் ‘மூளைக்கு’ என்று கேட்டு வாங்கி வந்து, இரண்டு மாதமாகக் கொடுக்கிறீர்கள். பாட்டிலில் இருக்கும் பெயர் பிராசிட்டம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. ராத்திரி தூங்காமல் புரள்கிறான், சிடுசிடுக்கிறான் என்பதை அவன் குணத்தின் மேல் போட்டிருக்கிறீர்கள். அது இந்த மருந்தாலேயே இருக்கலாம். வலிப்புக்கோ வேறு நரம்பு நோய்க்கோ டாக்டர் எழுதிக் கொடுத்ததல்ல, ஆகவே இன்றோடு நிறுத்துங்கள். வாசிப்பைக் கொண்டுவரும் டானிக் உலகத்தில் எங்கும் கிடையாது. வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள், சாப்பிடட்டும்.

வாசிப்பைக் கொண்டுவருவது தினசரிப் பழக்கம் மட்டும்தான். நாளுக்கு இருபது நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காரவைப்பதில் பயனில்லை. அவன் நிலைக்கு ஏற்ற பகுதியாக இருக்க வேண்டும்: பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது கடினம், கீழே இறங்குங்கள். ஆனால் பூனையும் எலியும் படம் போட்ட ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை மீசை அரும்பும் பையன் கையில் கொடுக்காதீர்கள், தெருப் பையன்கள் பார்த்தால் அத்தோடு புத்தகத்தையே தொட மாட்டான். அவனுக்குக் கிரிக்கெட் பைத்தியம் என்கிறீர்கள். நேற்றைய மேட்ச் செய்தியை அக்கா ஆறு எளிய வரிகளாக எழுதித் தரட்டும். முதலில் இருவரும் சேர்ந்து வாசிக்கட்டும், பிறகு அவன் தனியாக, அதே பகுதியை மறுநாளும், அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் சரளம் வரும். அந்தச் சரளத்தை அவனே காதால் கேட்பது முக்கியம்.

அந்த இருபதில் ஐந்து நிமிடத்தை நீளச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கு’ என்ற சொல்லைப் பார்த்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ரயில் பெட்டி மாதிரி முடிவே தெரியாது. வந்து, கொண்டிருந்த, வர்களுக்கு என்று பென்சிலால் கோடு போட்டு வெட்டி, ஒவ்வொன்றாகக் கூட்டி, பிறகு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் ‘களுக்கு’, ‘களிடம்’, ‘கொண்டிரு’ போன்ற வால்கள் திரும்பத் திரும்ப வரும். முப்பது, நாற்பது வால்களைக் கண்ட மாத்திரத்தில் அடையாளம் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். தப்பு செய்தால் உடனே சரியான சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். ‘இதுகூடத் தெரியாதா’ என்பது வேண்டாம்.

இதற்கிடையில் அக்கா பாடம் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அவனைச் சோம்பேறி ஆக்குகிறது என்று சித்தப்பா சொல்வது தவறு. வாசிப்பு வளரும் வரை பாட அறிவு காது வழியாக ஏறிக்கொண்டே இருக்கட்டும். பாடப்புத்தகத்தில் இருக்கும் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ பாடம் வருகிறது. அந்த அளவுக்குச் செல்போன் அவனுக்கு நல்லதே.

மூன்று மாதம் இப்படிச் செய்தால் அடித்தளம் விடுபட்ட பிள்ளை வேகமாக ஏறுவான். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளையும் ஏறுவான், ஆனால் மெல்ல, நேற்று வந்தது இன்று வராமல். அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை, டிஸ்லெக்சியாவா என்று பார்க்கும் மதிப்பீட்டுக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியரிடம் கேட்டால் வழி சொல்வார். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியவர்களுக்கு நடக்கும் ‘திறன்’ வகுப்பில் அவன் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேட்டுப் போனால் பதினெட்டு வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். சென்னை பக்கம் உறவினர் இருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் இருக்கிறது.

கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் வாங்கினால் பையன் மேல் முத்திரை விழும் என்று அவன் அப்பா தயங்குகிறார். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், டிஸ்லெக்சியா அடங்கும் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் சேர்ந்திருக்கிறது. டிஸ்லெக்சியா என்று உறுதியானால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் கேட்கலாம். ‘மக்கு’ என்ற முத்திரையை வகுப்பு ஏற்கெனவே இலவசமாகக் குத்திவிட்டது. இந்தச் சான்றிதழ் அதைவிட மோசமாக ஒன்றும் செய்துவிடாது.

மீடியம் மாற்றுவதை மதிப்பீடு முடிந்தபின் பேசலாம், வருட நடுவில் வேண்டாம். வகுப்பாசிரியரிடம் ஒன்று மட்டும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்: எல்லார் முன்னாலும் எழுப்பி அவனை உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று. மதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய நோட்டுகள் இரண்டு, வகுப்பு வாரியாக ரிப்போர்ட் கார்டு, நீங்கள் பென்சிலால் குறித்த தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். முடிந்தால் அப்பாவும் கூட வரட்டும், அவருடைய பள்ளிக் கதையையும் அங்கே கேட்பார்கள்.